பாலத்தில் தொங்கிய உப்பு

மேல் லயம், பிரிஞ்சாங்
12 ஆகஸ்ட் 1978

வண்டு,

இப்படிக் கூப்பிட்டால் ஈப்போவில் உன்னோடு படிக்கிற பையன்கள் சிரிப்பார்கள் என்று சொல்வாய். மறைத்து வைத்துப் படி. நீ காலேஜுக்குப் போனாலும் சாம்பசிவம் என்று எழுத என் கைக்கு வரவில்லை. அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பீடோர் ரப்பர்க் காட்டில் மரத்துக்கு மரம் நடந்தவள் நான். என் காதுக்குப் பக்கத்தில் எந்நேரமும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருப்பாய்.

உன் மாமாவுக்குக் கருமாதி முடிந்தது. நீ வரவில்லை. பரீட்சை என்றாய், சரி. அடக்கத்துக்கு வந்தவன் மறுநாளே பஸ் ஏறிவிட்டாய், அதுவும் சரி. அதை எழுத நான் உட்காரவில்லை. எழுதிவிட்டேன், அழிக்க ரப்பர் இல்லை.

காலையில் கதவைத் திறந்தால் மேகம் வாசலில் நிற்கிறது, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. உன் மாமா இருந்தபோது அதைப் பார்த்து, "வாலா, உக்காரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பார். இப்போது அதை யாரும் கூப்பிடுவதில்லை. தானாக உள்ளே வந்து அவர் சட்டை மாட்டியிருக்கிற ஆணி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் போகிறது.

நான் கேட்க வந்தது இதுதான். அன்றைக்கு அவர் உர மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தொங்கு பாலத்தில் மலைக்காட்டுப் பக்கம் போனார். மேகம் அப்படி மூடியிருந்தது, யாரும் எதையும் பார்க்கவில்லை. பாலத்தின் வலது கம்பி நம் வீட்டுப் பக்கத்து முனையில் அறுந்து கிடந்தது. அவரைக் கீழே ஓடையில் பாறைக்கு அந்தண்டை எடுத்தார்கள். கம்பி அறுந்ததால் விழுந்தாரா, அவர் தடுமாறி இழுத்ததால் கம்பி அறுந்ததா? முருகையா கங்காணி மேனேஜரிடம் தடுமாறினார் என்றுதான் சொல்லியிருக்கிறார். அதற்கு முதல் நாள் சம்பள நாள், ஆண்கள் குடிக்கிற நாள். குழாயடியில் காளியம்மா என் காதுபடவே சொன்னாள், "பாலம் ஆடுச்சா, ஆளு ஆடுனானா, யாருக்குத் தெரியும்லா."

அந்தச் சம்பள ராத்திரி அவர் குடிக்கவில்லை. மகள் திலகத்துக்குச் சுரம். ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். ஆனால் பெண்டாட்டி சொன்னால் யார் நம்புவார்கள்? திலகத்திடம் ஸ்கூலில் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது, உங்க அப்பா தண்ணிபோட்டுத் தண்ணியில விழுந்தாராமே என்று. அவள் வந்து என்னிடம் கேட்கவில்லை, வண்டு. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றாள்.

அந்தப் பாலம் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் காட்டோரத்து அட்டைக்குப் பயந்து அக்கரையில் நின்று அழுதேன். கால் விரலிடுக்கில் ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்கும், பார்க்கச் சகிக்காது. மறுநாள் உன் மாமா ஒரு சாக்குத் துணியில் உப்பை மூட்டையாகக் கட்டிப் பாலத்தின் நம் வீட்டுப் பக்கத்து முனையில், வலது கம்பியில், தொங்கவிட்டார். போகும்போது காலில் தேய்த்துக்கொண்டு போ, ஒன்றும் கிட்ட வராது என்றார். பெண்டாட்டிக்கு உப்புக் கட்டினவன் என்று லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. அப்புறம் எல்லாப் பெண்களும் அதில்தான் தேய்த்துக்கொண்டார்கள். உப்புக் கரையக் கரைய, அவரும் ஒரு நாள்கூட மறக்காமல் நிரப்பிக்கொண்டே இருந்தார்.

நீ இரும்பு படிக்கிறேன் என்றாயே. இரும்பைப் பற்றிக் கேட்க எனக்கு உன்னைத் தவிர ஆளில்லை.

அக்கா
அம்மாக்கண்ணு

*

ஈப்போ
24 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கருமாதிக்கு வராததற்குப் பரீட்சை மட்டும் காரணமில்லை. வேறென்ன என்று இப்போது எழுத வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பது இரும்பு மட்டும் அல்ல, எல்லாப் பொருள்களும். முதல் நாள் வகுப்புக்கு எங்கள் ஆசிரியர் ஒரு பையோடு வந்தார். மேசைமேல் பீங்கான் கோப்பை, ஈயத் துண்டு, பிரம்பு, பிளாஸ்டிக் வாளியின் பிடி எல்லாவற்றையும் பரப்பினார். கோப்பையைக் கீழே போட்டார், சிதறியது. ஈயத்தை வளைத்தார், வளைந்து அப்படியே கிடந்தது. பிரம்பை வளைத்து விட்டார், திரும்பி வந்து அவர் கையிலேயே அடித்தது. வாளிப் பிடியை அடுப்புப் பக்கம் காட்டினார், தொங்கிவிட்டது. பிறகு, இதில் எது நல்லது என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லது கெட்டது என்று பொருளில் கிடையாது, அதற்குக் கொடுத்த வேலைதான் பொருந்தும் அல்லது பொருந்தாது என்றார்.

உங்கள் கொழுந்துக் கூடையையே பாருங்கள். உடம்புக்கு மூங்கில், விளிம்புக்குப் பிரம்பு. கொழுந்தின் கனத்துக்கு விளிம்புதான் நெளிந்து கொடுக்கவேண்டும், அதனால் அங்கே பிரம்பு. ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மேசைக்குப் பித்தளை அடித்திருப்பதும் அப்படித்தான். கொழுந்துச் சாறு பட்டால் இரும்பு கறுத்துத் தேயிலையையும் கெடுக்கும். முதலில் வேலை என்ன என்று கேட்கவேண்டும், பிறகு பொருளின் குணத்தைக் கேட்கவேண்டும், கடைசியில்தான் உருவம். எங்கள் படிப்பு முழுவதும் இதுதான்.

தொங்கு பாலத்தில் எல்லாம் இழுபடுகிறது. இழுப்பைத் தாங்குவதில் எஃகுக் கம்பிக்கு ஈடு இல்லை. அது அறுந்தால் ஏன் அறுந்தது என்று அறுந்த முனையே சொல்லும். நல்ல கம்பியை அளவுக்கு மேல் இழுத்தால் அறுகிற இடம் நீண்டு, கழுத்துப் போல ஒடுங்கி, உள்ளே பளபளப்பாக இருக்கும். துரு தின்று அறுந்திருந்தால் கறுத்து ஊசிபோல் தேய்ந்திருக்கும். அந்த முனை கிடைத்தால் அனுப்புங்கள். மாமா தடுமாறினாரா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

தம்பி
சா. சாம்பசிவம்

*

மேல் லயம்
10 செப்டம்பர் 1978

வண்டு,

'தாங்கள்', 'நீங்கள்' என்று எழுதாதே. ஆபீஸ் கிராணிக்குக் கடுதாசி போட்ட மாதிரி இருக்கிறது. பிரித்ததும் வேறு யாருக்கோ வந்தது என்று மடித்து வைத்துவிட்டேன்.

கம்பி கிடைத்தது. ஸ்டோருக்குப் பின்னால் புல்லில் எறிந்திருந்தார்கள். கங்காணி பார்த்தார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். காய்கறி லோரி ஓட்டுகிற சின்னக்கருப்பன் தாப்பா வழியாக ஈப்போ மார்க்கெட்டுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் மாமாவின் நீலச் சட்டையில் சுற்றியிருக்கிறேன். சட்டையைத் திருப்பி அனுப்பு. துவைக்காதே.

முனையில் தார் பூசிச் சாக்குச் சுற்றியிருப்பதை நான் பிரிக்கவில்லை. வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் ஆண்கள் சேர்ந்து சுற்றுவது அது. கரகம் வருகிற பாலம், அம்மன் கால் வைக்கிற இடம், துரு தெரியக்கூடாது என்று கறுப்பாகப் பூசி, பழைய சாக்குமேலேயே புதுச் சாக்கைக் கட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறேன். பானை ஒரு மாதிரி பேசுகிறது, அண்டா ஒரு மாதிரி. கதவு பேசவே இல்லை, உம்மென்று இருக்கிறது. உன் மாமாவின் கத்தியைத் தட்டினேன், அது நின்ற பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் காற்றில் இருந்தது. அடுப்பு வேலையை விட்டுவிட்டு அது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே நின்றேன். திலகம் வந்து, யாரோடம்மா பேசுறே என்றாள்.

ஒரு கனவு கண்டேன். பாலத்துக்குக் கம்பியும் இல்லை, பலகையும் இல்லை. மேகத்தைத் திரித்துக் கயிறு கட்டி, கொழுந்து இலையைப் பலகையாக அடுக்கியிருக்கிறது. அவர் மூட்டையோடு அதில் நடக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. அக்கரை போய்த் திரும்பி நின்று என்னைக் கூப்பிடுகிறார். நான் கால் வைத்துப் பார்க்கிறேன், எனக்கு மட்டும் அது ஆடுகிறது. கனவில் அவருக்குக் கனமே இல்லை, வண்டு. எனக்குத்தான் இருந்தது.

சீக்கிரம் பார்த்துச் சொல்.

அக்கா

*

ஈப்போ
1 அக்டோபர் 1978

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி நீ என்றே எழுதுகிறேன்.

மாமா தடுமாறவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியரும் நானும் சாக்கைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு கம்பியும் நீளவில்லை, ஒடுங்கவில்லை, பளபளப்பு எங்குமே இல்லை. எல்லாம் கறுத்து, ஊசியாகத் தேய்ந்திருந்தன. அந்த முனை அன்றைக்கு ஒரு வெறும் ஆளைத் தாங்கியிருந்தாலே அதிகம் என்றார் ஆசிரியர். நீ இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். திலகத்திடம் சொல்லிவிடு.

நாம் ஒரு கம்பி என்று சொல்வது உண்மையில் ஒரு கம்பி இல்லை. மெல்லிய கம்பிகள் பலவற்றை முறுக்கி, அந்த முறுக்குகளை நடுவில் ஒரு நார்க் கயிற்றைச் சுற்றி மறுபடி முறுக்கியது. கனமான ஒரே கம்பியைப் போட்டிருக்கலாமே என்று நீ கேட்கலாம். ஒரே கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். முறுக்குக் கம்பியில் ஒன்று போனால் மற்றது தாங்கும். ஒவ்வொன்றாகத்தான் போகும், போகும்போது ஒவ்வொன்றும் ஒரு சிறு சத்தம் போடும், விரலைச் சொடுக்கினது போல. போகப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்கிற பொருள் என்பதால்தான் ஆள் நடக்கிற பாலத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கம்பிகளின் மேல் வெள்ளையாகத் துத்தநாகப் பூச்சு இருக்கும். உங்கள் லயத்துக் கூரைத் தகரத்திலும் அதுதான். ஈரம் முதலில் அதைத் தின்னும். அது இருக்கும்வரை இரும்பைத் தொடாது. அது தீர்ந்தால் இரும்பின் முறை.

துரு ஏன் என்று கேட்பாய். மழை, மேகம், மலைக் காற்றின் ஈரம். அவ்வளவுதான்.

சட்டையைச் சின்னக்கருப்பன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். துவைக்கவில்லை.

தம்பி

*

மேல் லயம்
20 அக்டோபர் 1978

வண்டு,

உன் கடிதத்தைத் திலகத்துக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அவள் அதை ஸ்கூல் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள், யாரிடம் காட்டினாளோ. திரும்பி வரும்போது ஓடி வந்தாள். அவள் ஓடி எத்தனை நாளாயிற்று.

குழாயடியில் நானும் படித்தேன். எல்லோரும் கேட்டார்கள். காளியம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "தம்பி எழுதுனா அக்காவுக்குச் சாதகமா எழுதாம வேற எப்படி எழுதுவான்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உன்மேலும் வந்தது, சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் கோப்பை, பிரம்பு என்று அவ்வளவு நீட்டி எழுதினாய். இதில் துரு ஏன் என்ற இடத்தில் மட்டும் 'அவ்வளவுதான்' என்று கதவைச் சாத்திவிட்டாய். மழை இரண்டு கம்பிக்கும்தானே பெய்தது? மேகம் இடது கம்பியை விட்டுவிட்டு வலதை மட்டுமா நனைத்தது? கழற்றிப் போட்ட இடது கம்பி இன்றைக்கும் நன்றாக இருக்கிறது என்று கங்காணியே சொல்கிறார். நான் மூணாவதோடு நின்றவள். எனக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன்.

புதுப் பாலம் கட்டியாகிவிட்டது. ஸ்டோரில் இருந்த அதே மாதிரிக் கம்பிதான். திலகம் அதில்தான் ஸ்கூலுக்குப் போகிறாள். முதல் நாள் நான் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பாலம் புதுசு, ஆட்டம் பழசு.

இன்னொன்று. நான் போன திங்கள் வேலைக்குப் போனபோது பாலத்து முனையில் ஒரு புது உப்புப் பை தொங்கியது. அதே இடம், வலது கம்பி. யார் கட்டினது என்று கேட்டேன். காளியம்மாதான் பழைய கித்தானைத் தைத்துக் கட்டினாளாம். வாயால் ஒன்று சொல்லிவிட்டுக் கையால் ஒன்று செய்கிறவள். பெண்கள் இப்போது அதைச் சிங்காரம் உப்பு என்கிறார்கள். "சிங்காரம் உப்பைத் தேச்சிக்கிட்டியா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு போகிறார்கள். உன் மாமா பெயர் தினம் காலையில் அத்தனை பேர் வாயிலும் வருகிறது. நான் கொஞ்சம் பின்தங்கி நடக்கிறேன், அதைக் கேட்டுக்கொண்டே வருவதற்காக.

திருவிழாவுக்கு இந்த வருஷமும் தார் பூசிச் சாக்குச் சுற்றப்போகிறார்கள்.

அக்கா

*

ஈப்போ
26 அக்டோபர் 1978

அக்கா,

அந்த உப்புப் பையை அவிழ்த்துவிடு.

நான் போன கடிதத்தில் முழுதும் எழுதவில்லை. கம்பியை அறுத்தபோது நடு நார் வெள்ளை பூத்திருந்தது. ஆசிரியர், கடலோரக் கம்பி மாதிரி இருக்கிறதே, மலையில் இது எப்படி என்றார். எனக்கு அந்தப் பை ஞாபகம் வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது நாரைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

பையில் மேகம் படும், உப்புக் கரையும், கம்பி வழியாக இறங்கும். சாக்குக்குள் போனால் தார் வெளியே விடாது. நார் அதைத் திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் பத்து வருஷத்தில் செய்வதை உப்புத் தண்ணீர் சீக்கிரம் செய்துவிடும். வெளியே பார்த்தால் கறுப்பாக, அழகாக இருக்கும்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ வலது, இடது என்று கேட்டதும், புதுப் பையைப் பற்றி எழுதியதும், திலகம் அதில் நடக்கிறாள் என்று எழுதியதும் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வண்டு

*

மேல் லயம்
9 நவம்பர் 1978

சாம்பசிவம்,

உன் கடிதம் வந்தது.

திலகத்தை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. பையையும் அவிழ்க்கவில்லை. யாரிடம் என்ன சொல்லி அவிழ்ப்பேன்? முதலில் குடித்துவிட்டு விழுந்தவன் என்றார்கள். நீ படித்தாய், பார்த்தாய், இல்லை என்றாய். எனக்கு உயிர் வந்தது. இப்போது தன் கையால் கட்டின உப்பு தன்னையே தின்றது என்று சொல்லச் சொல்கிறாய். அந்த உப்பு யாருக்காகக் கட்டினது? காளியம்மாவுக்கா? என் காலுக்கு.

அன்றைக்கு அட்டை கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும் என்று நான் இருந்திருக்கலாம்.

இனி எழுதாதே.

*

ஈப்போ
25 நவம்பர் 1978

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உப்பு மட்டும் இருந்திருந்தால் மழை அடித்துக் கழுவியிருக்கும். சாக்கு மட்டும் இருந்திருந்தால் இத்தனை சீக்கிரம் போயிருக்காது. நடுவில் நாருக்குப் பதில் எஃகு இருந்திருந்தால் இத்தனை உப்பு உள்ளே தங்கியிருக்காது. பை கம்பியில் தொங்காமல் ஒரு எட்டுத் தள்ளித் தொங்கியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. கட்டினவர்கள், பூசினவர்கள், வாங்கிப் போட்டவர்கள் எல்லோரும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். எல்லோருடைய நல்லதும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் உனக்கு எதற்கும் உதவாது.

நான் கருமாதிக்கு வராத காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்று நீ அழாமல் உட்கார்ந்திருந்தாய். வருகிறவர்களுக்கெல்லாம் பாய் எடுத்துப் போட்டாய். எனக்குச் சோறு போட்டாய். அம்மா போனபோது நீ அப்படித்தான் இருந்தாய் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாரம் ஏற ஏற வளையாமல் நிற்கிற பொருளைப் பார்த்தால் எங்களுக்குப் பயம்தான் வரும். அந்தப் பயத்தில்தான் பஸ் ஏறினேன்.

புதுப் பை ஒரு மாதத்தில் பாலத்தை அறுத்துவிடாது. திலகத்தை ஸ்கூலுக்கு அனுப்பு. உனக்கு நேரம் இருக்கிறது, ஆனால் வருஷக்கணக்கில் இல்லை. உப்புக்கு மண்ணும் கண்ணாடியும் மரமும் ஒத்துப்போகும், இரும்பு ஆகாது. கம்பியின் முனையில் எதையும் சுற்றவேண்டாம். தார் அழகு வேண்டாம் அக்கா, கண்ணுக்குத் தெரியட்டும். கண்ணுக்குத் தெரிகிற துருவுக்கு மருந்து உண்டு.

நீ யாரிடமும் காரணம் சொல்லவேண்டாம். பை கைக்கு எட்டவில்லை, உப்பு வீணாகிறது என்று எதையாவது சொல்லி எடுத்துவிடு. மாமா பெயரை நீ எப்படி வைத்துக்கொள்ள நினைக்கிறாயோ அப்படியே இருக்கட்டும்.

வண்டு

*

மேல் லயம்
20 ஜனவரி 1979

வண்டு,

பொங்கல் போனது. துக்க வீடு என்று பானை வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்ததைத் திலகம் தின்றாள். கரும்பை முறித்துப் பார்த்து, "மாமா சொல்ற மாதிரி இது நாரா முறியுது, பீங்கான் மாதிரி முறியல" என்றாள். உன் கடிதங்கள் இப்போது என்னிடம் இல்லை, அவளிடம்தான் இருக்கின்றன.

இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். கோபம் மட்டும் இல்லை. நீ சொன்ன மாதிரி வேறு ஏதாவது சொல்லி எடுத்துவிடலாம் என்று பலதும் யோசித்தேன். நல்லதாக ஒரு பொய்கூடக் கிடைத்தது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால், குடிகாரன் என்ற பேச்சு அப்படியே கிடக்கும். உண்மையைச் சொன்னால் அது போய்விடும், வேறொன்று வந்து உட்காரும். எது அவருக்கு வலிக்காது என்று அவரையே கேட்டேன். ஆணியில் தொங்குகிற நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ காலை கேட்டேன். மேகம் வந்து அதைத் தொட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் நிறுவைக் கொட்டகையில் எல்லோரும் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். மேகம் இறங்கிவிட்டது. அப்படி ஒரு மேகத்தை நான் பார்த்ததில்லை, வண்டு. பக்கத்தில் இருக்கிறவள் முகம் தெரியவில்லை, என் கை எனக்குத் தெரியவில்லை. தராசு எங்கேயோ தனியாகக் கிணுகிணு என்றது. கங்காணி, கொஞ்சம் விலகட்டும், அப்புறம் நிறுக்கலாம் என்றார். யார் முகமும் தெரியாததால் எனக்கு வாய் வந்துவிட்டது. அந்த வெள்ளையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைக்குப் பயந்து நான் அழுதது, அவர் உப்புக் கட்டினது, தார், சாக்கு, நார், நீ நாக்கில் வைத்துப் பார்த்தது. நான் பேசுகிறேனா, வேறு யாரோ பேசி நான் கேட்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை.

சொல்லி முடித்தேன். முதலில் வந்தது காளியம்மா குரல்தான்.

"அப்ப அவன் குடிக்கலயா?"

"குடிக்கல."

"தடுமாறலயா?"

"தடுமாறல. உப்புத்தான்."

கங்காணி எங்கேயோ இருந்து, "சாக்குச் சுத்துனது நாங்கதான்மா" என்றார்.

யாரோ எழுந்து போகிற சத்தம் கேட்டது. மேகம் விலகினபோது காளியம்மா உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. திரும்பி வந்தாள், பை அவள் மடியில் இருந்தது. சேலையெல்லாம் ஈரம். என் பக்கத்தில் உட்கார்ந்து தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். "உன் காலுக்குன்னு கட்டுனான். என் காலுக்கும் அதானே ஆச்சு" என்றாள். குழாயடியில் இப்போது என் குடத்தை அவள்தான் முதலில் வைக்கச் சொல்கிறாள். வாய் மட்டும் அதேதான்.

அம்மா வைத்திருந்த ஊறுகாய் ஜாடி, வாய் உடைந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பாலத்துக்கு இந்தண்டை கொய்யா மரத்தடியில் கல்மேல் வைத்து உப்புப் போட்டுச் சிரட்டையால் மூடியிருக்கிறேன். வழிந்தாலும் மண்ணுக்குத்தான் போகும். ஜாடிக்கு வேலை இல்லாமல் இருந்தது, உப்புக்கு இடம் இல்லாமல் இருந்தது. உன் ஆசிரியரிடம் சொல். பெண்கள் குனிந்து ஒரு விரல் எடுத்துத் தேய்த்துக்கொண்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாலம் ஏறுகிறார்கள். பெயர் மாறவில்லை. சிங்காரம் உப்புத்தான்.

இந்தத் திருவிழாவுக்குத் தார் இல்லை. சாக்கையெல்லாம் பிரித்தாகிவிட்டது. அம்மன் கரகம் வெறும் கம்பிப் பாலத்தில்தான் போனது. திலகம் ஸ்கூலுக்குப் போகும்போது முனையில் நின்று பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தான் இருக்கு" என்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் கால் வைக்கிறாள். நான் வீட்டிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

நான் இப்போது உப்புத் தேய்ப்பதில்லை. அட்டை கடிக்கிறது, குடித்து முடித்துத் தானாக விழுந்துவிடுகிறது. பயமும் போய்விட்டது.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும், வண்டு. நீ எழுதியிருந்தாய், கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், போகும்போது சத்தம் போடும், முன்கூட்டிச் சொல்லும் என்று. அன்றைக்கு நான் அடுப்படியில் அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு ஓடைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவருக்கு அந்தச் சொடுக்குகள் கேட்டிருக்கும். பாலத்து நடுவில், மேகத்துக்குள், மூட்டையோடு நின்று கேட்டிருப்பார். அறுந்தது நம் வீட்டுப் பக்கத்து முனை. மலைப் பக்கம் ஓடியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கலாம் என்று கங்காணி சொல்கிறார். முதல் சொடுக்கு கேட்டபோது அவர் எந்தப் பக்கம் திரும்பினார்?